கடைசித் தெரு வரை மருந்து வாசம்

வேலுசாமி மாமா யார் வீட்டில் தண்ணீர் வாங்கினாலும், குடிப்பதற்கு முன் செம்பை மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்ப்பார். ஒரு நொடி அப்படியே நிற்பார். பிறகுதான் அண்ணாந்து ஊற்றிக்கொள்வார். நான் ஆறாம் வகுப்புப் படித்த வருஷத்திலிருந்து இதைக் கவனித்திருக்கிறேன். கல்யாண வீடு, துக்க வீடு, வத்தலக்குண்டு பஸ் ஸ்டாண்டு டீக்கடை, எங்கேயும் விடமாட்டார். மகள் மலர்விழிக்கு எரியோட்டில் மாப்பிள்ளை பார்க்கப் போன அன்றும் செய்தார். செம்பைக் கொடுத்த மாப்பிள்ளையின் அம்மாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. "எங்க வீட்டுச் செம்புல என்ன நாறுது?" என்று அந்த அம்மாள் கேட்க, "வாட ஒண்ணும் இல்ல தாயி, அதான் யோசனையா இருக்கு" என்று இவர் பதில் சொன்னாராம். அவர் மனைவி பஞ்சவர்ணம் அத்தை இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். "சம்பந்தம் அம்புட்டுத்தான்னு நெனச்சேன். அந்தப் பொம்பள நல்லவ, சிரிச்சுட்டா."

எங்கள் அப்பாவுக்கு மட்டும் இது பிடிக்காது. "நம்ம வீட்டுத் தண்ணி அவனுக்கு எளக்காரமாப் போச்சு" என்பார். ஒருகாலத்தில் டீக்கடையில் தனி டம்ளர் கண்ட குடும்பம் எங்களுடையது. யாராவது நம் செம்பை மோந்து பார்த்தால் அப்பாவுக்கு வேறு ஞாபகம்தான் வரும். மாமாவின் மூக்குக்குக் காரணம் சாதி இல்லை என்று எனக்குத் தெரிந்தபோது நான் கல்லூரிக்குப் போய்விட்டிருந்தேன்.

அவர் எங்களுக்கு உறவு இல்லை. திண்டுக்கல்லை ஒட்டிய ஒரு சிறிய ஊர் எங்களுடையது. டவுன் பஸ்ஸில் ஏறினால் பூட்டுப் பட்டறைகளைத் தாண்டி இறங்க வேண்டும். ஊரின் பெயரை எழுதவில்லை. மாமா வேலை பார்த்த குடிநீர் ஆபீஸில் அன்று இருந்தவர்கள் சிலர் இன்னும் வேலையில் இருக்கிறார்கள். எங்கள் தெரு முடிகிற இடத்தில் மேல்நிலைத் தண்ணீர்த் தொட்டி. அதன் காலடியில் இரண்டு அறை வீடு. அதில் மாமா, பஞ்சவர்ணம் அத்தை, மலர்விழி. தொட்டியை நிரப்புவது, பிளீச்சிங் பவுடரைக் கரைத்து ஊற்றுவது, வால்வைத் திறந்துவிடுவது அவர் வேலை. பிளீச்சிங் பவுடரை எங்கள் ஊரில் மருந்து என்றுதான் சொல்வோம்.

தொட்டியிலிருந்து புறப்படும் தண்ணீர் முதலில் அவர் வீட்டுக் குழாய்க்கும் எங்கள் தெருவுக்கும் வரும். பிறகு கடைவீதி. அப்புறம் சாக்கடையோரமாக வெகுதூரம் போய், தோல் ஷாப் என்று நாங்கள் சொல்லும் தோல் பதனிடும் ஆலைக்குப் பக்கத்துத் தெருவில் முடியும். அந்தத் தெருவுக்கு வேறு பெயர் உண்டு. மாமா கடைசித் தெரு என்றே சொல்வார்.

1994இல் கடைசித் தெருவில் வாந்திபேதி வந்தது. அந்தத் தெருவில் குடியிருந்த சைதூன் அக்காவின் மூத்த பையன் அதில் போய்விட்டான். இரண்டு வயது. தோல் ஷாப்பில் வேலை பார்க்கும் அவள் புருஷன் ஹஸ்ஸான் அண்ணன் பையனைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடியபோது, மாமாதான் சைக்கிளில் ஏற்றி மெயின் ரோடு வரை மிதித்தார். மறுநாள் ஓர் அதிகாரி வந்து அந்தத் தெருக் குழாயில் தண்ணீர் பிடித்து, மருந்து இருந்தால் மஞ்சளாகக் காட்டும் ஏதோ ஒரு சொட்டை விட்டுப் பார்த்தார். நிறம் மாறவில்லை.

"மருந்து போட்டியாய்யா?"

"போட்டேன் சார். ஆபீஸ் அளவு. நாலு கொட்டாங்குச்சி."

"போட்ட. இங்க வந்து சேரலையே."

அந்த ஒரு வாக்கியம் மாமாவுக்குள் தங்கிவிட்டது. எங்கள் ஊர்க் குழாயில் எந்நேரமும் தண்ணீர் இருக்காது. சில நாட்களுக்கு ஒருமுறை திறப்பார்கள். மற்ற நாட்களில் காலியாகக் கிடக்கும் குழாய், விரிசல் வழியே சாக்கடையை உறிஞ்சிக்கொள்ளும். திறந்துவிட்ட தண்ணீர் அந்த அழுக்கோடு சண்டை போட்டுக்கொண்டே போகும்போது மருந்து தீர்ந்துவிடும். அதன் பிறகு மாமா ஆபீஸ் அளவை விட்டுவிட்டார். வால்வைத் திறந்ததும் சைக்கிளை எடுத்துக்கொண்டு கடைசித் தெருவுக்குப் போவார். குழாயில் ஒரு கை தண்ணீர் ஏந்தி மோந்து பார்ப்பார். வாடை இல்லையென்றால் அடுத்த தடவை ஒரு கொட்டாங்குச்சி கூட்டுவார். நாலு ஐந்தாகி, ஐந்து ஏழாகியது. கை போன பழக்கத்தில் செம்பும் மூக்குக்குப் போக ஆரம்பித்தது.

இதன் விலையை எங்கள் தெரு கொடுத்தது. தொட்டிக்குப் பக்கத்தில் இருக்கிறவர்கள் கடைசித் தெருவுக்கான மருந்தையும் சேர்த்துக் குடிக்க வேண்டும். முதல் தண்ணீரில் கண் எரியும். முதல் நாலு குடத்தைச் சாக்கடையில் விட்டுவிட்டுத்தான் பிடிப்போம்.

"ஏண்ணே, இது குடிக்கிற தண்ணியா, கக்கூஸ் கழுவுற தண்ணியா?" என்று அம்மா சத்தம் போடுவாள்.

"வாட வந்தா உசுரோட இருக்கம்னு அர்த்தம் தங்கச்சி."

"ஒன் மூக்கு செத்துப்போச்சு. எங்க மூக்கு உசுரோடதான இருக்கு!"

கடைசித் தெருவிலும் நன்றி ஒன்றும் கிடைக்கவில்லை. சைதூன் அக்கா இடியாப்பம் சுட்டு விற்பவள். "அண்ணே, கொஞ்சமா ஊத்துங்கண்ணே. தேங்காப்பால் ஊத்தினாலும் ஆஸ்பத்திரி வாசம் அடிக்குதுன்னு கேக்குறாக" என்பாள். மகனை இழந்தவள்தான். ஆனாலும் மருந்து வாசம் இல்லாத தண்ணீரே நல்ல தண்ணீர் என்ற எண்ணம் எங்கள் ஊர்ப் பெண்கள் எல்லோரையும் போல அவளுக்கும் இருந்தது. அத்திபூத்தாற்போல வாடை குறைவாக வந்தால், அதைக் குடிக்கவும் சோறாக்கவும் தனியாக எடுத்து வைப்பார்கள். வாடை அடித்தால் துணிக்கும் பாத்திரத்துக்கும்.

2003இல் மழை இல்லை. 2004 பிறந்தபோது எங்கள் தொட்டிக்குத் தண்ணீர் வரும் அணையில் அடித்தண்ணீர்தான். குழாய்த் தண்ணீர் எட்டு நாளுக்கு ஒருமுறை என்றாகி, வரும் தண்ணீரும் பழுப்பாக, ஊறிய இலை வாடையோடு வந்தது. அழுக்கு கூடக் கூட மருந்து வழியிலேயே தீர்ந்துபோகும். மாமா இன்னும் கூட்டினார்.

அந்த மாசி மாதம் மலர்விழி தாய் வீட்டுக்கு வந்தாள். அவளுக்கு மூன்றாம் மாதம். முந்தைய வருஷம் ஆடிக்கு வந்து ஒரு மாதம் இருந்துவிட்டு எரியோடு போனதும் முதல் கரு கலைந்திருந்தது. இந்தத் தடவை படியிறங்காமல் படுத்திருக்க வேண்டும் என்று திண்டுக்கல் டாக்டரம்மா சொல்லிவிட்டார். எரியோட்டில் ஆழ்குழாய்த் தண்ணீர் வாயில் வைக்க முடியாத உப்பு, ஆஸ்பத்திரியும் தூரம். அதனால் தொட்டியடி வீட்டில் கட்டில் போட்டாயிற்று. பஞ்சவர்ணம் அத்தைக்கு அந்த வருஷம் வேறு எந்தக் கவலையும் இல்லை. இந்தக் குழந்தை தங்க வேண்டும், அவ்வளவுதான்.

அந்த நேரம் பார்த்துத்தான் தண்ணீர் வடிகட்டும் பெட்டி விற்கிற பையன் டை கட்டிக்கொண்டு எங்கள் தெருவுக்கு வந்தான். முதல் வீடு என்று தொட்டியடி வீட்டுக்கே போய்விட்டான். கண்ணாடி டம்ளரில் குழாய்த் தண்ணீரை வாங்கி, சட்டைப் பையிலிருந்து சிறிய பாட்டிலை எடுத்து ஒரு சொட்டு விட்டான். தண்ணீர் மஞ்சளாகி, பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஆரஞ்சு நிறத்துக்குப் போனது. தெருப் பெண்கள் கூடிவிட்டோம்.

"அடியாத்தி! மஞ்சக்காமாலக்காரன் மூத்திரம் மாதிரில்ல இருக்கு" என்றாள் அம்மா.

"கலர் மட்டும் இல்லம்மா. அணையில பாசி, இலை தழை எல்லாம் கலந்து வருது. அதோட இந்த மருந்து சேர்ந்தா புதுசா ஒரு விஷம் உண்டாகுது. அமெரிக்காவுல கண்டுபிடிச்சிருக்காங்க. கேன்சர் வருமாம். மாசமா இருக்கவங்க குடிச்சா..." என்றவன், உள்ளே கட்டிலில் இருந்த மலர்விழியைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டான். "வேணாம்மா. நான் சொல்லக் கூடாது."

முழுதாகச் சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை.

"மருந்து ஊத்துறவரு வீட்டு வாசல்லயே நின்னு பேசுற. துணிச்சல்தான்யா ஒனக்கு" என்று அம்மா அவனை விரட்டினாள். ஆனால் பஞ்சவர்ணம் அத்தை டம்ளரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "போன ஆடிக்கும் வந்து இதத்தான குடிச்சா" என்றாள்.

சாயங்காலம் மாமா எங்கள் வீட்டுக்கு வந்தார். நான் அப்போது பி.எஸ்ஸி. வேதியியல் கடைசி வருஷம். எங்கள் வீட்டில் மட்டுமல்ல, சொந்தத்திலேயே கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான்.

"ஏத்தா நிலா, அந்தப் பய சொன்னது பொய்யின்னு சொல்லு."

உண்மையா என்று அவர் கேட்கவில்லை. பொய் என்று சொல்லச் சொன்னார். எனக்கு உடனே சொல்லத் தெரியவில்லை. இரண்டு நாள் கல்லூரி நூலகத்தில் தேடினேன். எங்கள் பேராசிரியை மதுரையிலிருந்து ஒரு கட்டுரையைப் பிரதி எடுத்து வரவழைத்துக் கொடுத்தார். அகராதியை வைத்துக்கொண்டு படித்தேன். குளோரின், தண்ணீரில் கரைந்திருக்கும் இலை மக்கிய சத்தோடு சேரும்போது குளோரோபார்ம் போன்ற சில பொருள்கள் உண்டாகின்றன. மருந்து கூடினால் அவையும் கூடும். தண்ணீரில் மக்கல் கூடினாலும் கூடும். வெயில் காலத்தில் இன்னும் அதிகம். நெடுங்காலம் நிறையக் குடித்தவர்களுக்கு மூத்திரப்பைப் புற்றுநோய் சற்றுக் கூடுதலாக வரலாம் என்று சில ஆய்வுகள் சொல்லின. கரு கலைவதோடு தொடர்பு இருக்கிறது என்று ஓர் ஆய்வும், அப்படித் தெரியவில்லை என்று வேறு ஆய்வுகளும் இருந்தன.

"முழுப் பொய் இல்ல மாமா" என்றேன்.

"முழுப் பொய் இல்லைன்னா? பாதியா, முக்காலா?"

தெரிந்ததைச் சொன்னேன்.

"நம்ம தண்ணியில அது எம்புட்டு இருக்கு?"

"தெரியாது மாமா. அத அளக்குற மெஷின் எங்க காலேஜ்ல இல்ல."

"மலருக்குப் போன தடவ கலஞ்சது இதனாலயா?"

"அப்படி யாராலயும் சொல்ல முடியாது."

"அப்ப இதனால இல்லன்னு சொல்லு."

"அதையும் சொல்ல முடியாது மாமா."

அவர் சிரித்துவிட்டார். "ஒங்கப்பன் காசு கட்டிப் படிக்க வச்சது இதுக்குத்தானாத்தா? ரெண்டு பக்கமும் தெரியாதுன்னு சொல்லவா?"

அதில் குத்தல் இல்லை. தெரியாது என்பதைச் சரியாகச் சொல்வதும் படிப்பில் ஒரு பகுதி என்று வகுப்பில் சொல்லித்தந்திருந்தார்கள். ஆறேழு மாதக் கெடுவோடு வீட்டில் ஒரு பெண் படுத்திருக்கும்போது அந்தத் தெரியாதை எங்கே வைத்துக்கொள்வது என்று சொல்லித்தரவில்லை.

"கொதிக்க வச்சா?" என்று கேட்டார்.

"பெரும்பாலும் போயிரும். அகலமான பாத்திரத்துல தெறந்து வச்சாலும் கொறையும். ஆனா சுடுதண்ணி ஊத்திக் குளிக்கிற ஆவியிலயும் வருமாம்." அப்புறம் கட்டுரையின் கடைசிப் பத்தியையும் விடாமல் சொன்னேன். "இதுக்குப் பயந்து மருந்த மட்டும் நிறுத்திறக் கூடாது மாமா. இது என்னைக்கோ செய்யிற கெடுதல். மருந்து இல்லாத தண்ணி ஒரே நாள்ல கொல்லும்னு போட்டிருக்கு."

"அத நீ சொல்லணுமாக்கும். சைதூன் மகன் என் சைக்கிள்லதான் போனான்."

வீட்டில் அத்தை வேறு மாதிரி பேசினாள். சுவருக்கு இந்தப் பக்கம் எங்களுக்குக் கேட்டது. "ஆபீஸ்ல நாலுன்னா நாலு ஊத்து. எட்டும் பத்தும் ஊத்தச் சொல்லி ஒனக்கு யாரு சொன்னது? ஒன் கடைசித் தெருவுக்காக எம் மக வயித்தக் குடுக்க முடியாது."

மாமா ஒரு வாரம் யோசித்தார். பிறகு ஒரு வழி கண்டுபிடித்தார். கடைசித் தெரு முனையில் கறுப்புப் பிளாஸ்டிக் தொட்டி ஒன்று இருந்தது. அழுத்தம் போதாமல் வீட்டுக் குழாய்களில் தண்ணீர் ஏறாததால், அந்தத் தொட்டியில் நிரப்பி அதிலிருந்துதான் பிடிப்பார்கள். மேல்தொட்டியில் ஆபீஸ் அளவான நாலு கொட்டாங்குச்சியோடு நிறுத்திக்கொள்வது. கடைசித் தெருவுக்கு வேண்டியதைத் தனியாகக் கரைத்து, வாளியோடு சைக்கிளில் கொண்டுபோய் அந்தப் பிளாஸ்டிக் தொட்டியிலேயே ஊற்றுவது. எவருக்குத் தேவையோ அவருக்கு மட்டும் மருந்து. என்னிடம் கேட்டார். சரிதான் என்றேன். அரை மணி நேரம் ஊறிய பிறகு குழாயைத் திறக்கச் சொல்லுங்கள் என்றேன். இன்று யோசித்தாலும் அதில் தப்பு கண்டுபிடிக்க எனக்குத் தெரியவில்லை.

அந்தக் கோடை முழுக்க அது நடந்தது. எங்கள் தெருவில் கண் எரிச்சல் நின்றது. "என்னண்ணே, மூக்குக்கு உசுரு வந்துருச்சா?" என்றாள் அம்மா. கடைசித் தெருவில் வாடை முன்பைவிடக் கூடுதலாகவே அடித்தது.

"ஏண்ணே, இதுவரைக்கும் தொட்டியில ஊத்துனீக. இப்ப வீடு தேடி வந்து ஊத்துறீகளே, எங்க மேல என்ன கோவம்?" என்று சைதூன் அக்கா கேட்டாளாம்.

"பாசந்தான் தாயி."

"இந்தப் பாசத்த இடியாப்பம் தாங்காதுண்ணே."

அவர் யாரிடமும் காரணம் சொல்லவில்லை. ஆபீஸில் சொன்னால், இத்தனை வருஷம் அளவுக்கு மேல் ஊற்றியதைச் சொல்ல வேண்டும். கடைசித் தெருவில் சொன்னால், அவர் வீட்டுக்காகத் தெருவைப் பிரித்துவிட்டார் என்று பேச்சு வரும். அதனால் அந்த வாளி அவர் ஒருவருடைய கையில் மட்டும் இருந்தது.

ஆவணியில் ஒரு தண்ணீர் நாள். விடிந்து வெயில் ஏறும்போது மலர்விழிக்கு வலி கண்டுவிட்டது. டாக்டரம்மா குறித்த நாளுக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது. மாமா ஏற்கெனவே மேல்தொட்டியில் நாலு கொட்டாங்குச்சி ஊற்றி, வால்வையும் திறந்துவிட்டிருந்தார். கடைசித் தெருவுக்குக் கரைத்த வாளி சைக்கிள் பக்கத்தில் இருந்தது. அத்தை போட்ட சத்தத்தில் உள்ளே ஓடினார். நான்தான் ஆட்டோ பிடித்து வந்தேன். மலர்விழியைத் தூக்கி உட்காரவைத்து, அத்தையும் அவரும் ஏறிக்கொண்டார்கள். வாளி இருந்த இடத்திலேயே இருந்தது. நான் அதைப் பார்த்தேன். சுண்ணாம்பு நீர் போலத் தெளிந்து கிடந்தது. அவர் திரும்பி வந்து எடுத்துப்போவார் என்றுதான் யாருக்கும் தோன்றும்.

மதியம் பெண் குழந்தை பிறந்தது. எடை குறைவு. கண்ணாடிப் பெட்டியில் வைத்தார்கள். மாமா மூன்று நாள் ஆஸ்பத்திரியை விட்டு நகரவில்லை. தொட்டி வேலையைப் பக்கத்துத் தொட்டி ஆள் கருப்புசாமி பார்த்துக்கொண்டார். அவருக்குத் தெரிந்தது வால்வும் நாலு கொட்டாங்குச்சியும் மட்டும்தான்.

கடைசித் தெருவில் அன்று பிளாஸ்டிக் தொட்டி நிறைந்தது. வாடையே இல்லை. பெண்களுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. எட்டு நாளைக்கு வேண்டிய குடிதண்ணீரை அண்டா, குடம், தவலை எல்லாவற்றிலும் பிடித்துத் துணி கட்டி வைத்தார்கள். மற்ற நாட்களில் பாதியைத் துணிக்கென்று ஒதுக்குகிறவர்கள், அன்று துணிக்கு ஒரு சொட்டுக்கூட எடுக்காமல் முழுவதையும் குடிக்க வைத்துக்கொண்டார்கள். அடுத்தடுத்த நாட்களில் ஒவ்வொரு வீடாக வாந்திபேதி தொடங்கியது.

மாமாவுக்கு இது ஆஸ்பத்திரியில்தான் தெரிந்தது. பேத்தியைப் பெட்டியிலிருந்து எடுத்துத் தாயிடம் கொடுத்த நாள் அது. சர்க்கரைப் பொட்டலத்தோடு வராண்டாவில் வந்தவர், எதிரே சைதூன் அக்காவைப் பார்த்தார். அன்று நான் அத்தைக்குச் சாப்பாடு கொண்டுபோயிருந்தேன். சைதூன் அக்கா ஒரு கையில் குளுக்கோஸ் பாட்டிலைத் தூக்கிப் பிடித்தபடி, மறுகையால் மகள் பாஸிலாவின் கட்டிலைத் தள்ளிக்கொண்டிருந்தாள். பையன் போன பிறகு பிறந்தவள் பாஸிலா. எட்டு வயது. கண் உள்ளே போய், உதடு வெடித்துக் கிடந்தாள்.

"இனிப்பு என்னண்ணே, மலருக்குப் பிறந்துருச்சா?" என்று கேட்டாள் சைதூன் அக்கா.

மாமா பாஸிலாவைப் பார்த்தார். "புள்ளைக்கு என்ன தாயி?"

"என்னன்னு தெரியலண்ணே. தெருவே இங்கதான் கெடக்கு. இந்தத் தடவ தண்ணி எம்புட்டு நல்லா வந்துச்சு தெரியுமா? ஊத்துத் தண்ணி கணக்கா. வாடையே இல்ல. புள்ள ஆசையா ஆசையா மோந்து குடிச்சா."

மாமா பொட்டலத்தைத் தரையில் வைத்துவிட்டார். குளுக்கோஸ் பாட்டிலை அவள் கையிலிருந்து வாங்கிப் பிடித்துக்கொண்டார். கட்டிலோடு நடந்துகொண்டே சொன்னார். "அன்னைக்கு நான் மருந்து ஊத்தல தாயி. மலர ஆட்டோவுல ஏத்துனேன். வாளிய விட்டுட்டேன்." அப்புறம் முதலிலிருந்து சொன்னார். எங்கள் தெருவுக்குக் குறைத்தது, ஏன் குறைத்தது, எல்லாம்.

சைதூன் அக்கா கேட்டுக்கொண்டே நடந்தாள். வார்டு வாசலில் நின்றாள். "ஒரு வார்த்த எங்ககிட்டச் சொல்லியிருந்தா, வாளிய நாங்க வந்து எடுத்துட்டுப் போயிருப்பமேண்ணே" என்றாள். "வாட இல்லைன்னு சந்தோசப்பட்டிருக்க மாட்டோம்ல."

மாமா பாட்டிலை மட்டும் உயரத் தூக்கினார்.

அந்தத் தடவை யாரும் சாகவில்லை. பாஸிலா ஒரு வாரத்துக்குப் பிறகு எழுந்து நடந்தாள். வீட்டுக்குக் கிளம்பும் அன்று மாமா சைதூன் அக்காவிடமும் ஹஸ்ஸான் அண்ணனிடமும் ஒரு வாக்குக் கொடுத்தார். கடைசித் தெருவுக்கென்று தனி மருந்து டிரம் ஒன்று, சொட்டுச் சொட்டாகத் தானே விழுகிற மாதிரி, பிளாஸ்டிக் தொட்டிக்கு மேலே வைத்துத் தருவேன். யார் இருந்தாலும் இல்லாவிட்டாலும், யார் வீட்டில் பிள்ளை பிறந்தாலும், அது விழுந்துகொண்டே இருக்கும். "செஞ்சுட்டுத்தான் சாவேன்" என்றார். ஹஸ்ஸான் அண்ணன், "சாவெல்லாம் வேணாம் மச்சான், டிரம் மட்டும் போதும்" என்றார்.

ஆபீஸில் கேட்க வேண்டுமென்றால் முழுக்கதையும் சொல்ல வேண்டும். சொன்னார். விசாரணை என்று ஒருவர் வந்தார். சம்பவத்தன்று மேல்தொட்டியில் ஆபீஸ் அளவு மருந்து போடப்பட்டிருந்ததால் மாமாவின் மேல் தவறு இல்லை என்று முடிவானது. பிளாஸ்டிக் தொட்டியில் மருந்து ஊற்றுவது அவருக்குக் கொடுத்த வேலையே இல்லை. கொடுக்காத வேலையை ஒருநாள் செய்யாமல் விட்டது எப்படிக் குற்றமாகும்? மாறாக, இத்தனை வருஷம் அளவுக்கு மேல் ஊற்றியதற்குத்தான் கண்டித்தார்கள். வேறு தொட்டிக்கு மாற்றினார்கள். டிரம் கேட்டதற்கு, தனித்தனித் தெருவுக்கு அப்படிச் செய்கிற வழக்கம் இல்லை என்றார்கள்.

இந்த முடிவை நான் பலமுறை மனதில் திருப்பிப் பார்த்திருக்கிறேன். விதிப்படி மட்டும் நடந்தபோதுதான் இரண்டு தடவையும் அந்தத் தெரு படுத்தது. எழுதிய அளவு சரியில்லையா, எழுதாமல் கூட்டியது சரியில்லையா? மலர்விழியின் குழந்தை தங்கியது மருந்து குறைந்ததாலா, படுத்தே இருந்ததாலா, இரண்டுமே இல்லையா? இதில் ஒன்றுக்குக்கூட என் படிப்பு பதில் சொல்லாது. பெண்ணுக்கு இப்போது ஐந்து வயது. எரியோட்டில் யு.கே.ஜி. போகிறாள்.

மாற்றலான பிறகும் மாமா தண்ணீர் நாளில் வேலை முடிந்து சைக்கிளில் கடைசித் தெருவுக்கு வந்துவிடுவார். இப்போது எல்லோருக்கும் தெரிந்தே ஊற்றினார். அவர் வர முடியாத நாளில் சைதூன் அக்கா ஊற்றினாள். இடியாப்ப மாவுக்கான தண்ணீரை மட்டும் முதல் நாளே அகலப் பாத்திரத்தில் திறந்து வைத்து வாடையைப் போக்கிக்கொண்டாள். அது என் யோசனை; அவளுக்குப் பிடித்துப்போயிற்று.

ஞாயிற்றுக்கிழமைகளில் மாமா தானே செங்கல் அடுக்கி, பிளாஸ்டிக் தொட்டியைவிட உயரமாக ஒரு மேடை கட்ட ஆரம்பித்தார். ஹஸ்ஸான் அண்ணன் கலவை குழைத்துக் கொடுத்தார். டிரம் எப்படி வேண்டும், துளை எவ்வளவு, அடியில் மணல் போட வேண்டுமா என்று என்னிடம் வந்து கேட்பார். படம் போட்டுக் கொடுத்தேன். "இதுலயாவது தெரியாதுன்னு சொல்லாம போட்டியே" என்றார். 2007இல் மேடை முடிந்து பூசும் நிலையில் இருந்தது. அந்தப் பங்குனியில் வத்தலக்குண்டில் ஒரு காதுகுத்துக்குப் போய்விட்டு வந்தவர், பஸ்ஸிலிருந்து இறங்கும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். ஆஸ்பத்திரிக்குப் போகும் முன்பே முடிந்துவிட்டது.

நான் இப்போது ஒரு தனியார் பள்ளியில் வேதியியல் எடுக்கிறேன். டிரம்முக்காக மூன்று தடவை மனு எழுதியிருக்கிறேன். போன மாதமும் ஆபீஸுக்குப் போய்விட்டு, பதில் இல்லாமல் கடைசித் தெருவுக்குப் போனேன். அன்று தண்ணீர் நாள். சைதூன் அக்கா ஸ்டூல் போட்டு ஏறி வாளியைத் தொட்டிக்குள் கவிழ்த்துக்கொண்டிருந்தாள். முழங்கால் வலி என்று கையூன்றி இறங்கினாள்.

"அடுத்த வாரம் பாஸிலாவக் கூட்டிக்கிட்டு எங்க அம்மா வீட்டுக்கு அய்யலூர் போறேன் நிலா. பத்து நாளாகும். யாரு ஊத்துவான்னு தெரியல."

நான் வருகிறேன் என்றேன்.

"ஒனக்குப் பள்ளிக்கூடம் இருக்கும். ஒனக்கும் ஒருநாள் கல்யாணம் ஆகும், வேற ஊரு போவ." அவள் கோபமாகச் சொல்லவில்லை. மேடையைக் காட்டினாள். பூசாத செங்கல் மேல் யாரோ துணி காயப்போட்டிருந்தார்கள். "ஒங்க மாமா வார்த்த தவறுன ஆளு இல்ல. ஆனா செத்துப்போனாலும் சொன்னது சொன்னதுதானம்மா. எங்களுக்கு இன்னும் ஒரு டிரம் வரணும்."